கரண்ட் போன ராத்திரியில்தான் அந்த ஹெட்போன் பாடியது

மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன், 11,000 ரூபாய் கொடுத்தேன், வாங்கிய நாலாம் நாளே ஏமாந்துவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்னால் வைத்திருந்ததெல்லாம் போனோடு வந்த இயர்போன், அப்புறம் கல்லூரிக் காலத்தில் பேர்போன கம்பெனி முத்திரையோடு 900 ரூபாய்க்கு வாங்கிய ஒரு போலி. அதனால் இந்தத் தடவை ஒழுங்காக விசாரித்துத்தான் வாங்குவது என்று முடிவுசெய்து, கண்ணில் பட்ட விமர்சனத்தையெல்லாம் படித்தேன், வீடியோ பார்த்தேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஓப்பன் பேக் ஹெட்போன்தான் சரி, அதில்தான் பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே மேடைபோல விரியும் என்று. நம்பி வாங்கினேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள் யாரும் மடிப்பாக்கத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, மே மாதத்தில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

ஓப்பன் பேக் என்றால் காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைப்பு இல்லாமல் வலையாக இருக்கும். கொசுவலைக்குள் படுத்திருப்பது மாதிரிதான். காற்று வரும், தெருச்சத்தமும் வரும். உள்ளே ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இது குறையில்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிண்ணத்துக்குள் சத்தம் முட்டி எதிரொலிக்காமல் வெளியே போய்விடுவதால்தான் அந்த விரிவு கிடைக்கிறது. எனக்கோ தம்புராவும் ஃபேனும் கலந்து எது எதுவென்றே தெரியவில்லை. இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் இல்லையா, ஃபேன் தம்புராவை அப்படியே விழுங்கிவிட்டது. கீழ்வீட்டுக் குக்கர் விசில் மட்டும் ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

ஒரு வாரம் கழித்து ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. புழுக்கத்தில் தூக்கம் வரவில்லை. போனில் சார்ஜ் இருந்தது, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். போட்டது பெரியப்பாவின் கேசட் ஒன்றிலிருந்து மாற்றி வைத்திருந்த கச்சேரி. 80களில் அவர் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பதிவுசெய்தது. நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் மிருதங்கக்காரர் கல்லை வைத்து வாரைத் தட்டிச் சுருதி சேர்ப்பது கேட்டது. டொக், டொக், அப்புறம் வலந்தலையில், அதாவது வலது முகத்தில், ஒரு மீட்டு, மறுபடி டொக். வலது பக்கம் கொஞ்சம் தள்ளி யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். மைக்குக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒருவர் இருமுகிறார். நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, கச்சேரி சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஹெட்போன் நல்ல ஹெட்போன்தான். என் அறைக்கு அது பொருத்தமில்லை, அவ்வளவுதான். முதல் ஹெட்போன் வாங்கப்போகிறேன் என்று யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை இல்லை. எங்கே உட்கார்ந்து கேட்பாய், அப்போது ஃபேன் ஓடுமா, பக்கத்தில் யார் தூங்குவார்கள் என்றுதான். ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் அறை இருந்தால் ஓப்பன் பேக் தாராளமாக வாங்கலாம். சென்ஹைசர் எச்டி 600 மாதிரியான ஒன்று 1997-இல் வந்து இத்தனை வருஷம் கழித்தும் பேசப்படுகிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஃபேன்காற்றும் ஜன்னலோரத் தெருவும்தான் வாழ்க்கை என்றால் க்ளோஸ்டு பேக், அதாவது மூடிய வகை. விரிவு கொஞ்சம் குறையும். பரவாயில்லை, பாட்டு கேட்கும்.

நான் செய்த இரண்டாவது தப்பு ஓம். வாங்கியது 250 ஓம் மாடல். ஓம் கூடுதலாக இருந்தால் தரம் கூடுதல் என்று எங்கேயோ படித்து மண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அது மின்தடை மட்டுமே, தரத்துக்கான மார்க் கிடையாது. ஒரே ஹெட்போனையே மூன்று ஓமில் விற்பவர்கள் உண்டு. பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்றாக வருகிறது. எதில் செருகப் போகிறோம் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் புரியும். என் போனில் ஹெட்போன் துளை கிடையாது, சார்ஜர் துளையில் செருகும் ஒரு சின்ன டைப்-சி டாங்கிள் (இணைப்பான்) வழியாகத்தான் கேட்டேன். அந்த மாதிரி டாங்கிள் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம் (பாதிதான் தருபவையும் உண்டு). 250 ஓம் ஹெட்போனுக்கு அதில் 4 மில்லிவாட் போகும். 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட். இரண்டுக்கும் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்று ஒன்றாகவே இருந்தால், 32 ஓமில் 9 டெசிபல் அதிகமாகக் கேட்கும். காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம். இன்றைய சினிமாப் பாட்டையெல்லாம் ஏற்கெனவே சத்தமாகத்தான் மாஸ்டர் செய்து விடுகிறார்கள், அதனால் 250 ஓமிலும் சமாளித்துவிடும். பெரியப்பாவின் கேசட் மாதிரி மெலிசாகப் பதிவானவற்றில்தான் வால்யூமைக் கடைசிவரை தள்ளியும் போதவில்லை. கரண்ட் போன அன்று அமைதியாக இருந்ததால் அதுவே போதுமாயிற்று.

பெட்டியில் உணர்திறனைப் பார்க்கும்போது ஒரு சங்கதி. சிலர் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று போடுவார்கள், சிலர் வோல்ட்டுக்கு இத்தனை என்று போடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறக்கூடாது. கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், போனில் கேட்கப்போகிறவர்கள் 80 ஓமுக்குள் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது, தனியாக ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) வாங்கும் செலவும் மிச்சம். டேக் (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி), ஆம்ப் என்று ஒரு உலகம் இருக்கிறது, உள்ளே போனால் வெளியே வருவது கஷ்டம். முதல் ஹெட்போனுக்கு அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கையில் ஒரு நல்ல டாங்கிள் இருந்தால் போதும்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமை ஏற்றி ஏற்றி, பத்தே நாளில் ராத்திரி ஹெட்போனைக் கழற்றியதும் காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம் நிற்க ஆரம்பித்தது. பயந்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல் கூடினதற்கு நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது, பாருங்கள். வெளிச்சத்தம் உள்ளே வராத ஹெட்போன் போட்டால் நாமாகவே வால்யூமைக் குறைத்துக்கொள்வோம். க்ளோஸ்டு பேக்குக்கு நான் மாறினதற்கு இது இரண்டாவது காரணம்.

அந்த ஹெட்போனை அலுவலக நண்பர் ஒருவருக்கு 8,500-க்குக் கொடுத்தேன். சவுண்ட் எடிட்டிங் செய்கிறவர், ஏசி அறை, மேஜையில் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ். இன்னும் அதை வைத்திருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு 2,500 ரூபாய் நஷ்டம்.

இரண்டாவது தடவை படிப்பதை நிறுத்திவிட்டு மாட்டிப் பார்த்து வாங்குவது என்று கிளம்பினேன். சென்னையில் அப்படி மாட்டிப் பார்க்க விடும் கடைகள் குறைவுதான், ஆனால் இருக்கின்றன. போகும்போது என் டாங்கிள், என் பாட்டுகள், என் கண்ணாடி மூன்றையும் கொண்டுபோனேன். கண்ணாடியைச் சும்மா சொல்லவில்லை. அதன் காம்பு பேடுக்கு அடியில் போகும்போது ஓர் இடுக்கு விழும், அந்த இடுக்கு வழியாக பாஸ், அதாவது தாழ்ந்த அதிர்வுச் சத்தம், ஒழுகிப் போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி, பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தினதும் பாஸ் குபுக்கென்று கூடினால் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்தக் கடையில் நான் முதலில் ஆசைப்பட்ட மாடல் இந்தச் சோதனையில்தான் தோற்றது. கண்ணாடியைக் கழற்றினால் அருமை, போட்டால் தகரம்.

கடைப் பையன் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டு "சார், பாஸ் பாருங்க சார்" என்றான். அதிரத்தான் செய்தது. ஆனால் எல்லா ஹெட்போனையும் அதே வால்யூமில் வைத்துத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்தான். எது எளிதாகச் சத்தம் தருமோ அதுதான் அப்படிக் கேட்கும்போது ஜெயிக்கும். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைத் திருத்திக்கொண்டு அப்புறம் ஒப்பிட்டேன். பையனுக்குக் கொஞ்சம் சலிப்புதான்.

போட்டுப் பார்த்தது மூன்றே மூன்று, எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவை. ஒன்று, தம்புராவோடு தனிக்குரல். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல் வைப்பார்களே, ஜீவா என்று, அதில் ஒரு ரீங்காரம் கிளம்பும். அது குரலுக்குப் பின்னால் தனியாக ஓடுவது தெரிய வேண்டும். இரண்டாவது, மிருதங்கமும் கடமும் தனி. மலிவான ஹெட்போனில் பாஸை ஊதிவிட்டிருப்பார்கள், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கையை வழுக்கி எழுப்பும் கும்கி எல்லாம் ஒரே மாதிரி கும்கும் என்று வீங்கிக் கேட்கும். நல்லதில் அது வழுக்கி ஏறி இறங்குவது தெரியும், கடத்தின் மண் சத்தமும் மிருதங்கத்தின் தோல் சத்தமும் வேறு வேறாக நிற்கும். மூன்றாவது, சகரம் நிறைய வரும் ஒரு சினிமாப் பாட்டு. பாடகி 'ச' சொல்லும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தினால் அந்த ஹெட்போனில் மேல்ஸ்தாயி தூக்கலாக இருக்கிறது. கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது அது பளிச்சென்று ரொம்ப விவரமாக இருப்பதாகத்தான் தோன்றும். வீட்டில் ஒரு மணி நேரம் போனால் தலைவலி.

கடைசியாகப் பிடித்ததை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். இந்த இருபது நிமிடம் முக்கியம். உச்சந்தலையில் அழுத்துகிறதா, காது மடல் உள்ளே துணியில் இடிக்கிறதா, தாடைக்கு மேலே நெருக்குகிறதா என்பதெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. 250 கிராமுக்கும் 350 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, கழுத்துக்குத் தெரியும். போட்டுக் கேட்கக் கேட்கச் சத்தம் பழுத்துவிடும் என்பார்கள், பர்ன் இன் என்று. பெரும்பாலும் பழகுவது நம் காதுதான். உறுத்துகிற ஹெட்போனை அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

வாங்கினது ஒரு க்ளோஸ்டு பேக், 40 ஓமுக்குக் கீழே, ஸ்டுடியோ மானிட்டர் வகை. எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் அதையே வாங்கிவிடுவீர்கள், உங்கள் மூக்குக்கண்ணாடி வேறு, என் மூக்குக்கண்ணாடி வேறு. ஹெட்போனில் பழைய மாடல்களைக் கண்டு ஒதுங்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991-இல், காஸ் போர்ட்டா ப்ரோ 1984-இல். இரண்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. போன் மாதிரி வருஷத்துக்கு வருஷம் பழசாகிப்போகும் சாமான் இல்லை இது.

சரி, வாங்கின பிறகு நடந்தது. சென்னை வியர்வைக்கு செயற்கைத் தோல் பேட் தாங்காது. ஒரு வருஷம் ஓடியது, அப்புறம் மெல்ல உரிய ஆரம்பித்தது. நான் கவனிக்கவில்லை. ஒருநாள் அம்மாதான், "காதுல என்னடா கரி அப்பியிருக்கு?" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் காதைச் சுற்றிக் கறுப்புச் செதில். மாற்றுப் பேட் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்கும் முன்னாலேயே பார்த்து வைத்திருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் நன்றாகப் பாடும் ஹெட்போனைப் பஞ்சு போனதற்காகத் தூக்கிப்போட வேண்டியிருந்திருக்கும். வெல்வெட் மாதிரித் துணிப் பேட் போட்டால் வேர்க்காது, ஆனால் தோல் பேடோடு வடிவமைத்த க்ளோஸ்டு பேக்கில் துணியைப் போட்டால் காற்று கசிந்து பாஸ் குறையும். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தோலுக்கே வந்தேன். இப்போது கழற்றினதும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, ஈரத்தோடு உறைக்குள் போடுவதில்லை. இரண்டாவது பேட் அதனால் கொஞ்சம் கூடுதல் காலம் வருகிறது.

அடுத்தது கேபிள். என்னுடையது கழற்ற முடியாத கேபிள். பேட் விஷயத்தில் இருந்த புத்தி இதில் இல்லை. போனில் செருகும் பின்னுக்குக் கிட்டே மடிந்து மடிந்து இடது காது விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சந்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பின்னிலிருந்து இரண்டு அங்குலத்தை யோசிக்காமல் வெட்டிப்போட்டார். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் தலைமுடி மாதிரிக் கம்பிகள். "நானே வீட்ல பத்த வச்சுப் பாத்தேண்ணே, ஒட்டவே இல்ல" என்றேன். சிரித்தார். "இந்த கலரு இருக்குல்ல, அது பெயின்ட் மாதிரி பூசியிருக்கிறது தம்பி. அத எரிக்காம ஈயம் எப்படி ஒட்டும்?" லைட்டரை ஒரு நொடி காட்டி, பிளேடால் இழுத்தார், செம்பு பளபளத்தது. சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு நிறம் இரண்டுக்கும் பொது. புதுப் பின் சேர்த்து 120 ரூபாய். இரண்டு வருஷமாக அசையவில்லை. ஆனாலும் கேட்டால், கேபிள் கழன்று வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், எல்லா ஊரிலும் அந்த அண்ணன் இருக்கமாட்டார்.

ப்ளூடூத், நாய்ஸ் கேன்சலிங் பற்றிக் கேட்பார்கள். தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலோ எலெக்ட்ரிக் ட்ரெயினிலோ போகிறவருக்கு நான் சொன்னதெல்லாம் பொருந்தாது, அவர் அதைத்தான் வாங்க வேண்டும். எஞ்சின் உறுமல், ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாகவே அடக்கும். ஆம்ப் உள்ளேயே இருப்பதால் ஓம் கவலையும் கிடையாது. ஆட்டோ ஹாரனையும் குக்கர் விசிலையும் அந்த அளவுக்கு அடக்காது. பேட்டரி சில வருஷத்தில் தளரும். அதே காசுக்கு ஒயர் வைத்ததில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது என் அனுபவம்.

இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன், ஈக்வலைசர். தாழ்ந்த சத்தம், உயர்ந்த சத்தம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஆப். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டுக்கும் காசு கொடுக்காமலே ஆரம்பிக்கலாம். என் ஹெட்போனில் 'ச' லேசாகக் குத்திக்கொண்டிருந்தது. 6,000-லிருந்து 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தேன், குத்தல் போய்விட்டது. பாஸைக் கூட்டுகிறவர்கள் எத்தனை டெசிபல் கூட்டுகிறீர்களோ அத்தனையை அதே ஆப்பில் ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த அளவில் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் சத்தம் உடையும். ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) நல்லதா, 320 கேபிபிஎஸ் எம்பி3 போதுமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எது எது என்று தெரியாமல் மாற்றிப் போட்டுக் கேட்டபோது பத்தில் ஐந்துதான் சரியாகச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலும் அதே ஐந்து வந்திருக்கும்.

போன தீபாவளிக்குப் பெரியப்பா வந்திருந்தார். அந்தக் கேசட் பதிவைப் போட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். "கழட்டிடாதீங்க பெரியப்பா, ஆரம்பத்திலேர்ந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மிருதங்கக்காரர் கல்லைத் தட்டும் இடத்தில் தலையசைத்தார். நாற்காலி இழுபடும் இடத்தில் திரும்பி வலது பக்கம் சுவரைப் பார்த்தார். அப்புறம் இருமல் வந்திருக்க வேண்டும், ஹெட்போனோடு இருப்பது மறந்து வீடே கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய், அது நான்தாண்டா! அன்னிக்கு எனக்கு ஜுரம். உங்க பெரியம்மா போகாதீங்கன்னு சொல்லச் சொல்லப் போனேன்."